கேரவனுக்குள் குளிர்: சில கவனங்கள்

ஹைதராபாத் நகருக்குக் கிழக்கே, விஜயவாடா நெடுஞ்சாலையை ஒட்டி 1,666 ஏக்கரில் விரிந்துள்ள ராமோஜி ஃபிலிம் சிட்டி, தமிழ்த் திரையுலகினருக்கு நெடுங்காலமாகப் பழகிய இடம். அங்கும் நகரின் பிற தளங்களிலும் வரிசையாக நிற்கும் கேரவன்கள் கலைஞர்களின் ஒப்பனை அறையாகவும் ஓய்வறையாகவும் விளங்குகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் அந்தப் பாறை நிலத்தில், ஏசி நின்றுபோன கேரவன் வெறும் தகரக் கொட்டகைதான். நாள் வாடகைக்கு ஓடும் வண்டியின் உரிமையாளருக்கு அன்றைய வருமானம் போயிற்று. வங்கிக் கடனில் வாங்கிய வண்டியாயின், ஏசி நின்றாலும் தவணை நிற்பதில்லை. சுற்றுலாவுக்காக கேரவனை நாடும் குடும்பங்களும் பெருகி வருவதால், இதன் பராமரிப்பு திரைத்துறையோடு முடிந்துவிடும் செய்தி அன்று.

பல வண்டிகளில் வீட்டுச் சுவருக்கென உருவான ஏசியையே பொருத்திவிடுகின்றனர். சுவர் அசைவதில்லை, வண்டியோ மேடு பள்ளங்களில் ஓடுகிறது. அந்த அதிர்வில் செம்புக் குழாய்களின் இணைப்புகள் மெல்லத் தளர்ந்து, கேஸ் கசிகிறது. "ஆண்டுக்கொரு முறை கேஸ் நிரப்ப வேண்டும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நாம் அதை ஏற்க வேண்டியதில்லை. பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதற்கு அது எரிபொருள் அன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பணம் காற்றில் கலக்கிறது. இன்றைய ஏசிகள் பலவற்றிலுள்ள ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், குறுகிய அறைக்குள் இந்தப் பணியைத் தேர்ந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

படப்பிடிப்புத் தளத்துப் புழுதியில் வடிகட்டியை வாரம் ஒரு முறையேனும் கழுவுவது நலம். வெளிப்புறச் சுருளில் தூசி படிந்தால் வெப்பம் வெளியேற வழியின்றி கம்ப்ரசர் திணறும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மெல்லிய நீர்த்தாரையால் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துவிடும். உட்புறச் சுருளில் பனி உறைந்தால் உடனே கேஸைச் சந்தேகிக்க வேண்டாம். குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனியைக் கரைத்தபின், முதலில் வடிகட்டியைப் பாருங்கள். மழைக்காலத்தில் அறைக்குள் நீர் சொட்டினால், வண்டி சாய்ந்து நிற்கிறதா என்பதே முதற்கேள்வி. வடிகால் குழாயின் சரிவு, வண்டி சமதளத்தில் நிற்பதைப் பொறுத்தது.

விசிறி சுழல்கிறது, குளிர் வரவில்லை என்ற முறையீட்டில் குற்றவாளி ஏசியாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. வழக்கமான கம்ப்ரசர் கிளம்பும் நொடியில், ஓடும்போது வேண்டியதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இரண்டு ஏசிகளை ஒருசேர இயக்கினால் சிறிய ஜெனரேட்டரின் மின்னழுத்தம் சரிந்துவிடும். ஒன்றை இயக்கிச் சில நிமிடம் கழித்து மற்றதை இயக்க வேண்டும். நிறுத்திய ஏசியை மீண்டும் தொடங்கவும் மூன்று நிமிடமாவது பொறுக்க வேண்டும். மெல்லிய, நீண்ட ஒயர் வழியே மின்சாரம் எடுத்தாலும் 230 வோல்ட் முழுதாக வந்து சேராது. மீட்டரால் அளந்து பார்ப்பது சில நிமிட வேலை. புதிதாக வாங்குவோருக்கு, மெதுவாகக் கிளம்பும் இன்வெர்ட்டர் ஏசியே ஜெனரேட்டருக்கு ஏற்றது.

அந்த ஜெனரேட்டரைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்களின் ஆய்வு காட்டியது. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும். வீட்டு ஏசி பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. அறை இதமாக இருப்பதால் உறங்குபவர் விழிப்பதுமில்லை.

ஆகவே, ஏசியைச் சரிபார்க்கும் நாளிலேயே ஜெனரேட்டரின் புகைக்குழாயையும் பாருங்கள். வண்டித் தரையில் ஒயருக்கும் குழாய்க்கும் போட்ட துளைகளை இடைவெளியின்றி அடைத்திட வேண்டும். புகை சன்னல் பக்கம் திரும்பாதவாறு காற்றின் திசையறிந்து வண்டியை நிறுத்துவது அவசியம். கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி ஒன்று படுக்கையருகே இருக்கட்டும். கடன் வாங்கி கேரவன் கட்டுவோர் மதிப்பீட்டுப் பட்டியலிலேயே இதைச் சேர்த்துவிடலாம். தளத்தில் வெளி மின் இணைப்பு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். இரவில் ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே உறங்க வேண்டாம். உள்ளிருப்போரில் இருவருக்கு ஒரே வேளையில் தலைவலியோ மயக்கமோ தோன்றினால், காரணம் ஆராய்ந்துகொண்டிராமல் எல்லோரும் உடனே வெளியேறித் திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும். ஜெனரேட்டரை நிறுத்துவதும் மருத்துவ உதவியை அழைப்பதும் அதன்பின்.