ஆறுமணிக் குருவி

பறவைகள் உணவையும் ஏற்ற தட்பவெப்பத்தையும் நாடிப் பருவந்தோறும் இடம்பெயர்வதை வலசை போதல் என்பர். திருவண்ணாமலைக்கு அவ்வாறு வரும் பறவைகளுள் ஆறுமணிக் குருவியும் ஒன்று. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் சீழ்க்கையொலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. பல வண்ணங்கள் கொண்டமையால் வட இந்தியர் இதனை 'நவரங்' என்பர்.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, இரவில் பறந்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தமிழகத்தை அடைகிறது; கோடையில் வடக்கே திரும்புகிறது. வந்த இடத்தில் புதர் நிழலில் ஒதுங்கி, உதிர்ந்த சருகுகளைக் கிளறிப் பூச்சிகளையும் புழுக்களையும் உண்கிறது. எனவே, நிழலும் சருகும் இல்லாத நிலம் இதற்குப் பயன்படாது.

அண்ணாமலையின் சரிவுகள் ஒரு காலத்தில் மரங்களை இழந்து வெறும் பாறைகளாய்க் கிடந்தன. 1980களின் இறுதி முதல் தன்னார்வலர்கள் மரக்கன்றுகள் நட்டுக் காட்டை மீட்டு வருகின்றனர். கோடையில் தீப் பரவாதிருக்கத் தடுப்புக் கோடுகளும் அமைக்கின்றனர்.

அதிகாலையில் மலையடிவாரத்தில் ஓசையின்றி நின்று, சருகு அசையும் இடத்தை உற்றுநோக்குவோர் இப்பறவையைக் காணலாம். நமக்குக் குப்பையாகத் தோன்றும் சருகே நெடுந்தொலைவு கடந்து வந்த விருந்தினருக்கு உணவுக்களம். அதனை எரியாமல் காப்பது நம் கடமையாகும்.