பனியன் தைத்த கைக்கு ஒரு கட்டில் கிடைக்குமா?

பொங்கலூர்–

சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் பல்லடம்–தாராபுரம் ரோட்டில் பனியன் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சம்பளக் கவரோடு இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் சின்னஞ்சிறுசுகள். இதே வேலைக்கு ஒரு காலத்தில் ஓடிய பெரிசுகள் எங்கே?

கைமடித்தவர்கள், பிசிறு வெட்டியவர்கள், செக்கிங் பார்த்தவர்கள்... கண் மங்கினால் இந்த வேலை எதுவும் ஓடாது. 'கண்ணு தெரியற மட்டும் பாத்தேனுங்க, இனி எங்க போறது?' என்று ஒரு அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது?

40 ரூபாய் கணக்கு

முதியோர் பென்ஷன் தமிழ்நாட்டில் 1962ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாய் ஆனது. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 40 ரூபாய்!

பி.எப். பென்ஷன் வராதா? வரும். பத்து வருஷம் பிடித்தம் நடந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்சமாக 1,000 ரூபாய் என்று 2014ல் நிர்ணயித்தார்கள். ஆனால் பீஸ் ரேட், கான்டிராக்ட் என்று கம்பெனி கம்பெனியாக மாறியவர்கள் பத்து வருஷப் பிடித்தத்துக்கு எங்கே போவார்கள்?

ரேஷன் அரிசிக்குக் காசில்லை. வயிறு எப்படியோ கழிந்துவிடும். லைன் வீட்டு வாடகைதான் ஆளை அமுக்குகிறது. பென்ஷன் சோறு போடும், கூரை போடாது!

மகன் கொடுக்கக்கூடாதா? கைவிட்ட பிள்ளைகள் மீது வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் மகனே பீஸ் ரேட்டில் ஓடுகிறவன் என்றால்? பிள்ளையே இல்லாதவர்கள்?

'லாம்' வைத்த சட்டம்

அவர்களுக்காகத்தான் அதே சட்டத்தில் 19வது பிரிவு இருக்கிறது. 2007ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அது. வசதியற்ற முதியோருக்கு மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு இல்லம். அதில் குறைந்தது 150 பேருக்கு இடம் என்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பொடி வைத்துவிட்டார்கள்! மாநில அரசு 'அமைக்க வேண்டும்' என்று எழுதவில்லை. 'அமைக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, எந்த மாவட்டத்தில் எத்தனை இல்லம் என்று கணக்கெடுக்கச் சொல்ல வேண்டி வந்தது.

மணியக்காரர் வழி

சட்டத்துக்குக் காத்திராமல் நடந்ததும் உண்டு. கொங்குநாட்டில் மணியக்காரர் என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பேரிலேயே சென்னை ராயபுரம் பக்கம் ஒரு சத்திரம் இருக்கிறது. 1782ல் ஐதர் அலி போரோடு பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டியாகத் தொடங்கியது. வெள்ளைக்காரன் வாயில் 'மோனிகர் சவுல்ட்ரி' ஆயிற்று. அங்கிருந்த மருத்துவ உதவிதான் பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. சத்திரமோ ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடமாக நிலைத்தது.

கடலூர் மாவட்டத்தில் 2004 சுனாமி பல முதியவர்களை ஒண்டிக்கட்டை ஆக்கியது. அவர்களை மனதில் வைத்து, ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற அமைப்பு தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை உருவாக்கியது. பெரிய ஹாலில் வரிசைக் கட்டில் போடவில்லை. சின்னச் சின்ன வீடுகள் கட்டினார்கள். முடிந்தவர்கள் தோட்டத்தில் காய்கறி போடுகிறார்கள். தர்மச் சோறு என்ற கூச்சம் அங்கே பாதி குறைகிறது.

கேட்டுவிட்டுச் சேருங்கள்

பல்லடம் ரோட்டில் உள்ள திருப்பூர் கலெக்டர் ஆபீசில், மாவட்ட சமூக நல அலுவலரைக் கேட்டால் பதிவு பெற்ற இல்லங்களின் விவரம் தெரியும். 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம்; கட்டணமில்லை.

சேருமுன் நாலு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பதிவு இருக்கிறதா? முழுக்க இலவசமா, மாதப் பணம் உண்டா? படுத்த படுக்கையானால் பார்ப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா? பென்ஷன் பணம் யார் கையில் இருக்கும்? வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள். பத்திரம், பாஸ்புக் எதையும் கைமாற்றாதீர்கள்.

25 கட்டில் பெரிய காரியமா?

150 பேர் இல்லம் வரும்போது வரட்டும். 25 முதியோரை வைத்து இல்லம் நடத்தும் தகுதியான தொண்டு நிறுவனத்துக்கு மத்திய அரசு மானியத் திட்டமே இருக்கிறது. 25 கட்டில் போட எவ்வளவு இடம் வேண்டும்? ஓட்டம் நின்ற ஒரு தறிக்கூடம், காலியாகக் கிடக்கும் ஒரு குடோன் போதும்.

ஊர் கூடிக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடத்துகிறது. கல்யாண மண்டபம் கட்டுகிறது. உலகத்துக்கெல்லாம் பனியன் மடித்து அனுப்பிய கைகள், கடைசிக் காலத்தில் ஒரு கட்டிலைத்தான் கேட்கின்றன.

பொங்கலூர் வட்டாரத்துப் பெரிய மனுசர்கள் காதில் இது விழுமா?