படிவம் 7 வந்தது யாருக்குத் தெரியும்?

2019 தேர்தலுக்கு முன்பு, ஆந்திரத்தில் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரும் ‘படிவம் 7’ லட்சக்கணக்கில் இணையம் வழியாகக் குவிந்தது. மனுதாரர்களாகக் காட்டப்பட்டவர்களில் பலருக்குத் தங்கள் பெயரில் மனு போனதே தெரியாது. மாநிலமெங்கும் போலீஸ் வழக்குகள் பதிவாயின.

ஒருவர் பெயரை நீக்கச் சொல்ல ஒரு கைப்பேசியும் சில நிமிடங்களும் போதும். பெயருக்கு உரியவரோ எல்லையூரான குப்பம் என்ற ஊரிலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். நோட்டீஸ் கொடுத்து விசாரித்த பிறகே நீக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நோட்டீஸை யார் வாங்குவது? தாக்குவது இணையத்தில் சுலபம். தற்காத்துக்கொள்ள மட்டும் ஒருநாள் கூலியை இழந்து அலைய வேண்டும். இது அநியாயம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரத்தில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்த பெண்கள் 21 சதவீதம், ஆண்கள் 48.8 சதவீதம். ஓட்டுப் போடும் வரிசையில் இந்த இடைவெளி கண்ணில் படாது. 2024இல் மாநிலத்தின் வாக்குப்பதிவு 80 சதவீதத்தைத் தாண்டியது. வரிசைக்கு முன்பும் பின்பும்தான் அந்த இடைவெளி வேலை செய்கிறது: பட்டியலில் பெயர் நிற்பதில், குறையைச் சொல்வதில், அதிகாரியைக் கேள்வி கேட்பதில்.

2011இல் திருப்பதியில் தொடங்கிய ‘மீசேவா’ அரசு சேவை மையத்தில் கணினியைத் தட்ட ஓர் ஆள் இருந்தார். 2025 ஜனவரியில் வந்த அரசின் ‘மன மித்ரா’ வாட்ஸ்அப் சேவைக்குக் கையில் போன் வேண்டும், படிக்கவும் தெரிய வேண்டும். இடையில் 2019 முதல் 50 வீட்டுக்கு அரசு அமர்த்திய ஒரு வாலண்டியர் இருந்தார். பல வீடுகளுக்கு அரசு என்பது அந்த இளைஞரின் போன்தான். ஓய்வூதியம் வீடு தேடி வந்தது, உண்மை. ஆனால் ஆளுங்கட்சியின் மீது புகார் என்றாலும் அதே ஆளிடம்தானே போக வேண்டியிருந்தது?

அமெரிக்காவில் ஷ்லோஸ்மன், வெர்பா, பிராடி ஆகிய அறிஞர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வும், இணையவழி அரசியலிலும் வசதியும் படிப்பும் உள்ளவர்களே முன்னால் நிற்பதைக் காட்டியது. அங்கேயே அப்படி என்றால் ஆந்திர எல்லையூரான சத்தியவேட்டில் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, பட்டியலிலிருந்து நீக்கக் கோரிய பெயர்களை ஊர்ச் சச்சிவாலய (கிராமச் செயலக) வாசலில் ஒட்டி, கிராம சபையில் உரக்கப் படிக்கச் செலவு அதிகம் ஆகாது. தமிழ் பேசுவோரும் வாழும் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்து ஊர்களில் தெலுங்கோடு தமிழிலும் படிக்க வேண்டும்.