ஆற்றில் வெடி, விஷம், மின்சாரம்: மீன் கொள்ளையைத் தடுப்பது எப்படி?

சித்திரை, வைகாசி மாதங்களில் ஆறு வற்றி, ஆங்காங்கே மடுக்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தச் சமயத்தில் நள்ளிரவில் ஆற்றுப் பக்கமிருந்து அமுங்கிய ஓசை ஒன்று கேட்டால், அது என்னவென்று கரையோரத்து விவசாயிகளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் மடுவின் ஓரமெல்லாம் விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளை வெளேரென்று மிதக்கும். "அது மீன்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பலரும் இருந்து விடுகிறார்கள்.

அப்படி இருந்துவிட முடியாது. சட்டவிரோதமாக மீன் பிடிப்போர் கையாளும் சாதனங்கள் மூன்று. வெடி, கிணறு வெட்டும் இடத்திலிருந்து போகிறது. விஷம், பூச்சிமருந்துக் கொட்டகையிலிருந்து போகிறது. மின்சாரம், பம்புசெட்டிலிருந்தோ வயலின் மேலே செல்லும் கம்பியிலிருந்தோ போகிறது. மூன்றும் விவசாயியின் கைச் சரக்கு. ஆகவே, ஆற்று மீனைக் காக்கும் வேலையில் பாதி நமது கொட்டகைச் சாவியில் இருக்கிறது.

மடுவில் இருப்பது விதை மீன்

நெல்லுக்கு விதை நெல் எப்படியோ, அப்படித்தான் ஆற்றுக்குக் கோடை மடுவில் இருக்கும் மீன். கெண்டை இன மீன்கள் மழைக்காலத்துப் புதுவெள்ளத்தில் நீரை எதிர்த்து ஏறி, ஓரங்களில் நீர் பரவிய இடங்களில் முட்டையிடுகின்றன. மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்க வழக்கமாகக் குறித்துள்ள நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய மாதத்தில் கீழே காவிரி மடுக்களில் அடைபட்டுக் கிடப்பவை சினை முற்றிவரும் தாய் மீன்கள். ஒரு கிலோ எடையுள்ள பெண் கெண்டை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். ரோகு இனமானால் ஏறக்குறைய 2 லட்சம். மே மாதத்தில் ஒரு மடுவை அழித்தால், பல மைல் தூரத்துக்கு வரவேண்டிய அடுத்த வருஷத்து மீன் அதோடு போயிற்று.

விராலின் கதை வேறு. அது முட்டையிட்டதோடு போய்விடுவதில்லை. தாயும் தந்தையும் குஞ்சுக் கூட்டத்தின் கீழேயே நின்று காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகும் இடத்தில் தாயைப் பிடித்துவிட்டால், மிச்சமுள்ள குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். இது சட்டத்தில் எழுதியிராவிட்டாலும், தூண்டில்காரர்கள் தாமாகவே கைக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடு.

வெடி

தண்ணீருக்குள் தோட்டா வெடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சி, மீனின் உடலிலுள்ள காற்றுப்பையைக் கிழித்து விடுகிறது. காற்றுப்பை போனபின் மீன் மிதக்காது. செத்தவற்றில் பெரும்பங்கு அடியில் அமிழ்ந்து அழுகிப் போகும். வெடி வைத்தவன் அள்ளிச் செல்வது மேலே வந்ததை மட்டுமே. முட்டை, குஞ்சு, இறால் என்று அந்த வட்டத்தில் உள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. திரி எரியும் நேரத்தைக் கணிக்கத் தவறிக் கையை இழந்தவர்கள் ஆற்றோர ஊர்களில் உண்டு.

கிணறு தோண்ட வெடி வைப்பவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். எத்தனை தோட்டா வந்தது, எத்தனை வெடித்தது, எத்தனை திரும்பிப் போனது என்று கிணற்றுச் சொந்தக்காரர் எதிரில் நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது. "நாலு குச்சி மிச்சம், இங்கேயே இருக்கட்டும்" என்று யார் சொன்னாலும் இணங்கக் கூடாது. சந்தேகத்துக்கு இடமான நிலையில் வெடிபொருள் வைத்திருந்தால், 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

விஷம்

அந்தக் காலத்தில் மருக்காரைக் காயை இடித்து மடுவில் கலக்கி மீன் பிடிப்பார்கள். அதுவும் கேடுதான். என்றாலும் இன்றைய பூச்சிமருந்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கு மிகக் கொடியவை. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே பல வகை மீன்கள் மாண்டு போகும்.

இங்கே ஒரு விஷயத்தை விவசாய அன்பர்கள் கவனிக்க வேண்டும். மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருப்பது, எலி போன்ற பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்த விஷத்தன்மையைக் கொண்டு வகுத்தது. மீனுக்கு எவ்வளவு கேடு என்பதை அந்த நிறம் காட்டாது. நீல முக்கோணம்தானே என்று எண்ணித் தெளிப்பானை வாய்க்காலில் கழுவினால், ஆற்றில் விஷம் வைத்ததற்கும் அதற்கும் மீனைப் பொறுத்தவரை வித்தியாசம் கிடையாது. கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே ஊற்ற வேண்டும்.

விஷம் வைத்த மடுவின் தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. கீழ்த்துறையில் ஆடு மாடு குடிக்கும், பெண்கள் குடத்தில் மொள்வார்கள். செத்த மீன் கூடையில் ஏறிச் சந்தைக்கும் வரும். குறைந்த விலைக்குக் கூவி விற்கும் ஆற்று மீனை வாங்குமுன் ஒன்றைக் கீறிப் பாருங்கள். காற்றுப்பை கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கட்டி, சதை முள்ளை விட்டுக் கழன்றிருந்தால் அது வெடி மீன். விஷ மீனைக் கண்ணால் அறிவது கடினம். விற்பவர் எந்தத் துறையில் பிடித்தார் என்று சொல்லத் தயங்கினால் வாங்காமல் இருப்பதே மேல்.

மின்சாரம்

மேல்கம்பியில் கொக்கி மாட்டியோ, பம்புசெட்டிலிருந்து ஒயர் இழுத்தோ, பாட்டரியில் கருவி இணைத்தோ தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது இப்போது பரவியிருக்கிறது. நீண்ட உடலுக்கு அதிர்ச்சி அதிகம் என்பதால் முதலில் அடிபடுவது பெரிய மீன்கள், அதாவது தாய் மீன்கள். தப்பியவற்றிலும் சிலவற்றுக்கு முதுகெலும்பு முறிந்திருக்கும். எதிர்க்கரையில் ஒருவர் காலை நனைத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பியில் கொக்கி மாட்டுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி மின் திருட்டு. 3 ஆண்டு வரை சிறை உண்டு. விவசாய இணைப்பு மின்சாரத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவதும் அதே பிரிவில் வரும். ஆற்றோரத்தில் மோட்டார் வைத்திருப்பவர்கள் ஸ்விட்சுப் பெட்டியைப் பூட்டி வைக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் முதலில் விசாரிக்கப்படுவது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான்.

சட்டம் சொல்வது என்ன?

நாட்டின் நன்னீர் மீன்கள் குறித்து டாக்டர் பிரான்சிஸ் டே 1873ல் அறிக்கை கொடுத்தார். அதன் பின் 24 ஆண்டுகள் கழித்து, 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. அதன் 4ஆம் பிரிவு வெடி வைப்பதையும், 5ஆம் பிரிவு விஷமோ சுண்ணாம்போ கலப்பதையும் குற்றமாக்குகின்றன. மூலச் சட்டத்தில் தண்டனை 2 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். 1897ல் 200 ரூபாய் பெருந்தொகை. இன்று அது ஒரு கிலோ விராலுக்கும் போதாது. சில மாநிலங்கள் திருத்தம் செய்து தொகையை உயர்த்தியுள்ளன. அபராதம் சிறிதென்று புகார் கொடுக்காமல் இருப்பது சரியன்று. வெடியோ மின் திருட்டோ சேர்ந்திருந்தால், முன்னே சொன்ன கடுமையான சட்டங்களும் சேர்ந்து வரும்.

6ஆம் பிரிவு அதிகம் பேர் அறியாதது. எந்த வலை, எத்தனை கண்ணி, எங்கே அடைப்பு வைக்கலாம் என்று விதி செய்ய மாநில அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. அதோடு, குறிப்பிட்ட ஒரு நீர்ப்பகுதியில் 2 ஆண்டுக்கு மேற்படாமல் மீன்பிடிப்பையே முற்றிலும் நிறுத்தி வைக்கவும் அதில் இடமுண்டு. உங்கள் ஊர் எல்லையில் கோடையிலும் வற்றாத மடு இருந்தால், ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கும் அனுப்பலாம். மே மாதத்தில் ஓடுவதை விட ஜனவரியில் எழுதுவது பலன் தரும். பாபநாசத்தில் தாமிரபரணிப் படித்துறை மீனுக்குப் பொரி போடும் பக்தர்கள் எந்தச் சட்டத்தையும் பார்த்துக் கற்கவில்லை. ஊர் முழுவதும் ஒத்துக்கொண்டால் காவல் எளிது.

7ஆம் பிரிவு: வாரண்டு இன்றிப் பிடித்து வைக்கும் அதிகாரம் போலீசாருக்கும் அரசு அதிகாரம் அளித்தவருக்கும் உண்டு. அதுவும் பேரும் விலாசமும் தெரியாதபோது, அவை தெரியும்வரை. ஊரார் கட்டிவைத்து அடித்தால், மீன் வழக்கு மறைந்து அடிதடி வழக்காகி, குற்றவாளி வாதியாகி விடுவான். இப்படி ஆவது அபூர்வமன்று.

தூண்டில்காரர் காவல்காரரான கதை

சிவசமுத்திரத்துக்குக் கீழே ஒகேனக்கல் வரையுள்ள காவிரியில், திமில் போல் முதுகு உயர்ந்த மாஷீர் என்னும் பெருங்கெண்டை வாழ்கிறது. காவிரி நீர்த்தொகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாதது. 1946ல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட மாஷீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது. பிறகு வெடியால் இது அருகிப் போயிற்று. 1972ல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வன உயிரினச் சங்கம், கர்நாடகப் பகுதியில் ஆற்றின் ஒரு நீளத்தை எடுத்துக் காவல் போட்டது. பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களில் கட்டணம் கட்டித் தூண்டில் போடலாம். பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த உள்ளூர்க்காரர்கள் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளம் பெற்றார்கள். எங்கே வெடி வைப்பார்கள் என்று அவர்களுக்குத்தானே தெரியும்!

ஒரு கோளாறும் நடந்தது. மீன் பெருக வேண்டுமென்று வேறு ஆற்று மாஷீர் இனத்தின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகின, காவிரியின் சொந்த மீன் மேலும் குறைந்தது. சரணாலயத்துக்குள் மீன்பிடிப்பு கூடாது என்ற சட்டநிலையால் 2012ல் தூண்டில் முகாம்களும் நின்றன. 2018ல் இம்மீன் அழிவின் விளிம்பில் உள்ள இனமென உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழகப் பக்கத்தில் 2014ல் காவிரி வடக்கு, 2022ல் காவிரி தெற்கு என இரு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. அந்த எல்லைக்குள் தூண்டில் போடுமுன் வனத்துறையைக் கேட்பது அவசியம்.

புகார் கொடுக்குமுன்

மீன் செத்து மிதந்தாலே விஷம் என்று முடிவு கட்டக் கூடாது. கோடையில் பாசி மண்டிய மடுவில் விடியற்காலை நேரத்தில் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து போகும். அப்போது மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். வெயில் ஏறியதும் மிஞ்சியவை தேறிவிடும். விஷமானால் நேரம் காலம் இல்லை. குஞ்சுகள் முதலில் சாகும். இறால், தவளைக் குஞ்சு, நீர்ப்பூச்சிகள் எல்லாம் கூடவே சாகும்.

விஷமென்று தோன்றினால் உடனே கால்நடைகளை அத்துறையிலிருந்து ஒதுக்கி, கீழ்த்துறை ஊர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். 112க்கு அல்லது பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். ஓடும் நீரில் விஷம் சில மணி நேரத்தில் கடந்துவிடும். அதிகாரிகள் வரும்வரை காத்திராமல், சாட்சிக்கு இருவரை வைத்துக்கொண்டு மாதிரி எடுப்பது நல்லது. சுத்தமான கண்ணாடிப் புட்டியை அதே நீரில் அலம்பி, கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். மீன் செத்த இடத்துக்கு மேலே, நல்ல நீரிலும் ஒரு புட்டி எடுக்க வேண்டும். புதிதாகச் செத்த மீன் நாலைந்தை ஐஸில் வைத்து, இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். காலியான பூச்சிமருந்துப் புட்டியைக் கழுவி அதில் மட்டும் தண்ணீர் பிடிக்க வேண்டாம். பரிசோதனையில் அந்த மருந்தே வந்து நிற்கும்.