மனநோயாளரின் இறுதிக்கால முடிவுகளும் நம் மொழி வழக்கும்



'முடிவு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இறுதி என்றும் தீர்மானம் என்றும் இரு பொருள் உண்டு. இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து நிற்குமிடம் தீராநோயாளரின் படுக்கை. அறுவை மருத்துவம் வேண்டுமா, செயற்கைச் சுவாசம் வேண்டுமா, வலியைத் தணித்து வீட்டில் வைத்துப் பேணினால் போதுமா என்பனவற்றை அங்கே தீர்மானித்தாக வேண்டும். அந்நோயாளர் நெடுங்காலம் மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோயோடு வாழ்ந்தவராயின் அத்தீர்மானம் யாருடையது? இன்றைய உரையின் பொருள் அதுவே.

சிகாமட்டை அடுத்த தோட்டமொன்றில் வாழ்ந்த என் தாய்மாமாவுக்கு முப்பதாண்டுகளாக மனச்சிதைவு நோய் இருந்தது. மருந்தைத் தவறாது உட்கொண்டார். நாள்தோறும் நாளிதழ் படித்தார். பின்னர் வயிற்றில் புற்றுநோய் கண்டது. அறுவை மருத்துவம் பற்றிய பேச்சு அவருடைய கட்டிலின் காலடியிலேயே நடந்தது. "அவருக்கு என்ன தெரியும்?" என்று கூறியவர்கள் குடும்பத்தாராகிய நாங்கள்தாம். கையொப்பமிட்டவன் நான். மூன்றாம் நாள் அவர் கூறினார்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மாப்பிள்ளே." அதற்கு என்னிடம் விடை இல்லை.

சட்டம் எங்களைவிடத் தெளிவாக இருந்தது. மலேசிய மனநலச் சட்டம் 2001இல் இயற்றப்பெற்று 2010இல் நடைமுறைக்கு வந்தது. அறுவை மருத்துவத்துக்கு இசைவளிக்கும் திறன் மனநோயாளருக்கு இருப்பின், இசைவு அவரிடமே பெறப்பட வேண்டும் என்கிறது அதன் 77ஆம் பிரிவு. அத்திறனை அறிய மனநல மருத்துவர் ஐந்தினை ஆராய்வார்: தம் உடல்நிலையை நோயாளர் உணர்கிறாரா, மருத்துவத்தின் தன்மையையும் நோக்கத்தையும் அறிகிறாரா, செய்துகொள்வதன் இடரை அறிகிறாரா, செய்துகொள்ளாமையின் இடரை அறிகிறாரா, அவருடைய நோய் இசைவளிக்கும் ஆற்றலைப் பாதித்துள்ளதா. திறன் இல்லாதபோதுதான் உறவினரின் இசைவுக்கு இடம் உண்டு. நோயின் பெயர் வேறு. முடிவெடுக்கும் திறன் வேறு.

1993இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றும் இதனையே நிறுவியது. மனச்சிதைவு நோயாளர் ஒருவரின் கால் அழுகியது. காலை அகற்றாவிடில் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்தே என்றனர் மருத்துவர். அவர் மறுத்தார். அம்மறுப்பை மதிக்க வேண்டும் என நீதிமன்றம் கூறியது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், பிறருக்குத் தவறாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதனாலேயே ஒருவரைத் திறனற்றவர் எனக் கொள்ளலாகாது என்கிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. கடுமையான மனச்சோர்வில் "நான் வாழ வேண்டாம்" என்பது நோயின் குரலாக இருக்கலாம். ஐந்தாம் வினா அதற்காகவே உள்ளது. அந்நிலையில் முதற்கடன் மனச்சோர்வுக்கு மருத்துவம் செய்தல். திறன் ஒரே நிலையில் நிற்பதன்று. இன்று மங்கியது சில வாரங்களில் தெளியலாம். ஆகவே தெளிந்த காலத்திலேயே விருப்பத்தைக் கேட்டு, எழுதிவைத்து, மருத்துவரிடமும் தெரிவித்துவிடுதல் நன்று.

இனி, மொழிக்கு வருவோம். 'அவனுக்குக் காய்ச்சல்' என்கிறோம். நான்காம் வேற்றுமை உருபு ஆளையும் நோயையும் பிரித்து நிறுத்துகிறது. 'அவன் ஒரு காய்ச்சல்' என்று எவரும் கூறுவதில்லை. ஆனால் 'அவன் ஒரு பைத்தியம்' என்று தயங்காமல் கூறுகிறோம். அங்கே உருபு மறைகிறது, நோயே ஆளாகிவிடுகிறது. மனநல மருத்துவமனை இருப்பதனாலேயே தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர் இந்நாட்டில் ஏளனச் சொல்லாயிற்று. கீழ்ப்பாக்கம் தமிழ்நாட்டில் அவ்வாறாயிற்று. ஆளே இல்லாத இடத்தில் யாரிடம் கருத்துக் கேட்பது? என் தாய்மாமாவிடம் எவரும் கேளாமைக்கு எங்கள் வீட்டு வழக்கும் ஒரு காரணம்.

ஆசிரியர்களே, வேற்றுமை பயிற்றும் நாளில் இவ்விரு தொடர்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர்களே, வீட்டில் நோயுற்றவர் இருப்பின், அவருக்காகப் பேசுமுன் அவரோடு பேசுங்கள்.