தொட்டி மீன்களின் வெண்புள்ளி நோய்

மார்கழி பிறந்துவிட்டால் கல்கத்தாவில் இரவுக் குளிர் கடுமையாகிவிடுகிறது. தொட்டி நீரும் திடீரெனச் சில்லிட்டுப் போகிறது. அச்சமயத்தில்தான் நம் அன்பர் சிலருடைய இல்லங்களில் கண்ணாடித் தொட்டி மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. பெரும்பாலும் இதற்குக் காரணம் வெண்புள்ளி நோயே. 'இக்' என்று கடைக்காரர்கள் சொல்வதும் இதனைத்தான்.

மீனின் உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும். சில சமயம் அதற்கு முன்பே மீன் கல்லிலும் மணலிலும் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். செவுளை மட்டும் நோய் பற்றினால், புள்ளி வெளியே தெரியாமலே நீர்மட்டத்திற்கு வந்து மூச்சுத் திணறும். ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் வெண்பருக்கள் எழுவதுண்டு. அது நோயன்று, மருந்தும் வேண்டா.

நோயை உண்டாக்குவது ஓரணு உயிர். 1876-இல் ஃபூக்கே என்பவர் இதற்கு இட்ட பெயருக்குப் 'பல மக்களைப் பெற்ற மீன்பேன்' என்று பொருள். பொருத்தமான பெயரே! மீனின் மேல்தோலுக்கடியில் புகுந்து தின்று கொழுக்கும். முதிர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை நீந்திச் சென்று, இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிடில் இறந்துபோகும். மருந்து கொல்வது நீந்தும் இக்குஞ்சுகளை மட்டுமே. தோலுக்கடியில் உள்ளதையும் கூட்டுக்குள் உள்ளதையும் அது தீண்டாது.

ஆகையால் புள்ளி மறைவது நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. நம் அண்டை வீட்டில் நான்காம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன. மகிழ்ந்து மருந்தை நிறுத்திவிட்டார்கள். மறுவாரம் நோய் பன்மடங்காகத் திரும்பிற்று. பன்னிரண்டு மீன்களில் இரண்டே மிஞ்சின. அவ்வீட்டுச் சிறுமி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக மறுத்துவிட்டாள்.

வெப்பம் ஏற ஏற இவ்வுயிரின் சுழற்சி விரைவுபடும். 25 டிகிரி செல்சியஸில் சில நாட்களில் முடிவது, 10 டிகிரியில் ஒரு மாதத்திற்கும் மேல் நீளும். எனவே ஹீட்டரைக் கொண்டு நாளொன்றுக்கு ஓரிரு டிகிரியாக 30 வரை உயர்த்துக; தங்கமீனுக்கு 28 போதும். சூடான நீரில் பிராணவாயு குறையும். ஆதலால் காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓடவேண்டும். லிட்டருக்கு 2 கிராம் வீதம், அதாவது 50 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம் கல்லுப்பைக் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாகச் சேர்க்கலாம். கெளுத்தி இனங்களுக்கும் நீர்ச்செடிகளுக்கும் உப்பு ஆகாது. கடையில் விற்கும் மலாக்கைட் கிரீன் கலந்த மருந்து நஞ்சு. குறித்த அளவை மீறலாகாது, கையிலும் படலாகாது. மருந்திடுமுன் வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது மருந்தை உறிஞ்சிவிடும். குழாய் வைத்து அடிமண்ணை உறிஞ்சி எடுத்தால் கூடுகளும் பல வெளியேறும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர்க.

பாக்பஜார் அருகே கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் நம்மவர் பலர் மீன் வாங்குகின்றனர். அழகான மீன்களே, ஆனால் பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. புது மீனை மூன்று வாரம் தனித் தொட்டியிலேயே வைத்துக் கவனிக்க. அதற்கு வலையும் தனியே இருக்கட்டும். ஒரே வலைதான் உண்டெனில், நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே அடுத்த தொட்டியில் இடுக.