கிச்சன் மார்பிள் மங்கிப்போச்சா? கல்லை மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!



திருவண்ணாமலையில வீடு இருந்தா ஒரு விஷயம் உறுதி. பௌர்ணமிக்கு சொந்தக்காரங்க வருவாங்க, தீபத்துக்கு இன்னும் நிறைய பேர் வருவாங்க. சமையல் மேடையில புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம்னு கிளறி இறக்கிட்டே இருப்பீங்க. எல்லாரும் கிளம்பின பிறகு பார்த்தா, ஆசையா போட்ட வெள்ளை மார்பிள்ல அங்கங்கே மங்கலான வட்டம், மஞ்சள் கறை, எண்ணெய்த் திட்டு.

"இனி கல்லையே மாத்திட வேண்டியதுதான்"னு பட்ஜெட் போட ஆரம்பிச்சிடாதீங்க. பெரும்பாலான மேடைகளை மாத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனா என்ன பிரச்சினைன்னு தெரியாம கண்டதை வாங்கித் தேய்ச்சா, சின்ன செலவு பெரிய செலவாகிடும்.

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க: கறையா, அரிப்பா?

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டா அதோட மேற்பரப்பு கரையும். புளி, எலுமிச்சை, தயிர், வினிகர், தக்காளி எல்லாத்துலயும் அமிலம் இருக்கு. பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளன்னு ஆக்குற அதே புளிதான் மார்பிளோட பளபளப்பைத் தின்னுடுது. இது அரிப்பு. நிறம் மாறாது, பளபளப்பு மட்டும் போயிருக்கும்.

கறை வேற. மஞ்சள், காபி, எண்ணெய் மாதிரி ஏதாவது கல்லோட நுண்துளைக்குள்ள இறங்கி நிக்கிறது. இதுல நிறமே மாறியிருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: லைட்டை அணைச்சிட்டு, செல்போன் டார்ச்சை மேடை மேல பக்கவாட்டில அடிச்சுப் பாருங்க. வெளிச்சம் பட்டுத் திரும்பாம மங்கலா தெரியற இடம் அரிப்பு. பளபளப்பு இருந்தும் நிறம் மட்டும் வேறயா இருந்தா அது கறை. சில இடத்துல ரெண்டும் சேர்ந்தே இருக்கும்.

கடப்பா கல் மேடை வெச்சிருக்கிறவங்களும் கவனிங்க. அது கறுப்பா இருக்கிறதால கிரானைட் மாதிரி தாங்கும்னு நினைப்போம். ஆனா கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். எலுமிச்சை பட்டா அதுலயும் வெளுத்த தடம் விழும். கிரானைட்டுக்கு இந்த அரிப்புத் தொல்லை கிடையாது.

கறைக்கு வைத்தியம்: தாஜ்மஹாலுக்குப் போட்ட அதே பத்து

தாஜ்மஹால் மார்பிள் மஞ்சளா மாறினப்போ இந்தியத் தொல்லியல் துறை என்ன செஞ்சது தெரியுமா? களிமண்ணைக் குழைச்சுப் பத்து போட்டு, காயவிட்டு, கழுவினாங்க. 1994, 2001, 2008, 2014னு பல தடவை இதைச் செஞ்சிருக்காங்க. பத்து காயும்போது கல்லுக்குள்ள இருக்கிற அழுக்கையும் சேர்த்து உறிஞ்சிடும். நம்ம மேடைக்கும் அதே தத்துவம்தான்.

- காபி, டீ கறை: சமையல் சோடாவை மருந்துக் கடையில கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடுல கெட்டியா குழைச்சு, கால் அங்குல கனத்துக்குப் பூசுங்க. பிளாஸ்டிக் தாளால மூடி 24 மணி நேரம் விடுங்க. அப்புறம் தாளை எடுத்து, முழுசா காய்ஞ்சதும் துடைங்க.
- எண்ணெய்க் கறை: சமையல் சோடாவை அசிட்டோன்ல குழைக்கணும். அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும். அடுப்பை அணைச்சு, சிலிண்டர் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு செய்யுங்க.
- மஞ்சள் கறை: இதுக்கு சோடா வேண்டாம். ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பாகுதே, அதே மாதிரி சோடா பட்டாலும் சிவக்கும். வெள்ளை டிஷ்யூவை பெராக்சைடுல நனைச்சு வெச்சு மூடுங்க. ஜன்னல் வெயில் விழுற இடமா இருந்தா வெயிலே பாதி வேலையைச் செஞ்சிடும்.

கையுறை கட்டாயம். முதல்ல மறைவான மூலையில செஞ்சு பாருங்க. கடப்பா மாதிரி கறுப்புக் கல்லுல பெராக்சைடு வேண்டாம், நிறம் வெளுக்கலாம். ஒரே தடவையில போகலைன்னா ரெண்டாவது பத்து போடுங்க.

அரிப்புக்கு வைத்தியம்: பாலிஷ் மட்டும்தான்

அரிப்புல கல்லே கரைஞ்சு போயிருக்கு. அதனால எத்தனை பத்து போட்டாலும் சரியாகாது. விரலால தடவினா வழவழன்னு இருக்கு, பார்த்தா மட்டும் மங்கல்னா, மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரத்துணியில தொட்டு நீங்களே தேய்க்கலாம். தடவும்போது சொரசொரப்போ குழியோ தட்டுப்பட்டா, டயமண்ட் பேட் வெச்சுப் படிப்படியா இழைக்கிற ஆளைக் கூப்பிடணும்.

இப்ப கணக்குக்கு வருவோம்

மேடை 10 அடி நீளம், 2 அடி அகலம்னா மொத்தம் 20 சதுர அடி. கல் கடையில சொல்ற விலை இந்த 20 சதுர அடிக்கான விலை மட்டும்தான். மாத்தணும்னா கூட வர்ற செலவையும் எழுதுங்க:

1. பழைய கல்லை உடைச்சு அகற்றுற கூலி
2. வண்டி வாடகை
3. சிங்க், அடுப்புக்குத் துளை வெட்டுறது, ஓரம் பாலிஷ்
4. பதிக்கிற கூலி, சிமென்ட்
5. பிளம்பர் செலவு, உடையுற சுவர் டைல்ஸ்
6. சமையலறை மூடியிருக்கிற நாள்ல ஹோட்டல் சாப்பாடு

இந்த மொத்தத்தையும் பாலிஷ் கொட்டேஷனையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. கல்லுல விரிசல் இல்லாம, பாலிஷ் செலவு பாதிக்குக் கீழே வந்தா யோசிக்காம பாலிஷ் போடுங்க. 20 சதுர அடி சின்ன வேலைங்கிறதால "குறைந்தபட்ச கூலி இவ்வளவு"னு கேட்பாங்க. பக்கத்து வீட்டு மேடையையோ உங்க ஹால் தரையையோ சேர்த்துப் பேசினா சதுர அடிக்கு விலை இறங்கும்.

வாடகை வீட்டுல இருக்கீங்களா?

அப்போ இது உங்க அட்வான்ஸ் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். குடி வந்த அன்னைக்கே மேடையை டார்ச் அடிச்சு போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க. காலி பண்ணும்போது "கல் கெட்டுப்போச்சு, புதுக் கல்லுக்கு அட்வான்ஸ்ல பிடிச்சுக்கிறேன்"னு சொன்னா, பாலிஷ் கொட்டேஷன் ஒண்ணு வாங்கிக் காட்டிப் பேசுங்க. வீட்டு ஓனர்களுக்கும் சொல்றேன்: குடித்தனக்காரங்ககிட்ட "புளி, எலுமிச்சையை மேடையில நேரா வைக்காதீங்க"னு முதல் நாளே சொல்லிட்டா பாதி சண்டை வராது.

வராம தடுக்க

- பாத்ரூம் ஆசிட், வினிகர், எலுமிச்சைத் தோல் எதையும் மேடையில தேய்க்காதீங்க. மிதமான சோப்புத் தண்ணி போதும்.
- சீலர் அடிச்சா கறை உள்ளே இறங்குறது குறையும். ஆனா அரிப்பை அது தடுக்காது. "சீலர் போட்டா ஒண்ணுமே ஆகாது"னு சொல்லி வித்தா நம்பாதீங்க.
- சீலர் தேவையான்னு பார்க்க ஒரு சொட்டுத் தண்ணி விட்டு 15 நிமிஷம் காத்திருங்க. அந்த இடம் கறுத்தா சீலர் அடிக்கிற நேரம் வந்தாச்சு.
- புளி கரைக்கிறது, எலுமிச்சை பிழியுறது எல்லாம் ஒரு ஸ்டீல் தட்டுக்கு மேல வெச்சுச் செய்யுங்க. இதைவிட மலிவான இன்சூரன்ஸ் கிடையாது.

பத்து எந்தக் கனத்துல பூசணும், டார்ச் சோதனை எப்படிப் பண்ணணும்னு நம்ம சேனல் வீடியோவுல பாருங்க. அடுத்த பௌர்ணமிக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி மேடையை ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்க!